தானம் வந்த பித்தளையைப் பல்லைப் பிடிச்சுப் பாரு

வா மாப்ள, வா. முகத்துல என்ன அம்புட்டு வெளிச்சம்? ஓகோ, ராணுவத்துக்காரன் சுட்டுத் தள்ளின தோட்டாக்கூடு ஒரு வாளி நிறைய வாங்கியாந்துட்டியா, திரும்ப மருந்து நிரப்பிச் சுட! எண்ணிக் கொடுத்தானா, எடை போட்டுக் கொடுத்தானா? எடைதானா. அப்ப அதுக்குள்ள கிடக்கற மண்ணு, சரளை, காஞ்ச புல்லு எல்லாத்துக்கும் சேத்துக் காசு கொடுத்திருக்க. போகட்டும், மிசூரி மண்ணு நல்ல மண்ணுதான். ஒரு தொட்டியில கொட்டி அத்தைக்குக் கறிவேப்பிலைச் செடியாச்சும் வச்சுக் கொடு.

கடையில புதுக்கூடு என்ன விலை, இது என்ன விலைன்னு கணக்குப் போட்டுக் காட்டின பாரு, அந்தக் கணக்கை நான் மெச்சுறேன். உன் கூலியை மட்டும் அதுல எழுத மறந்துட்ட. ஆபீஸ்ல மணிக்கு இம்புட்டுன்னு வாங்குறியே, அதே கணக்குல இந்த வாளிக்கும் போட்டுப் பாத்தேன்னா, ராத்திரி சோறு இறங்காது. அதனால போடாத.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாதும்பாங்க. அதைச் சொன்னவன் மாட்டைப் பாத்திருக்கான், துப்பாக்கியைப் பாத்ததில்லை. மாடு கிழடா இருந்தா உழவு கெடும். கூடு கிழடா இருந்தா உன் கன்னத்துக்கு நாலு விரக்கடை தள்ளி, சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு அழுத்தம் எந்தப் பக்கம் போகலாம்னு வழி தேடும். அதனால ஒவ்வொண்ணையும் பல்லைப் பிடிச்சுப் பாக்கத்தான் வேணும். உக்காரு. அந்த போனை உள்ளே வை. அதுல வர்ற வீடியோக்காரன் ரெண்டு நிமிசத்துல நூறு கூட்டைச் செஞ்சு காட்டுவான். மிச்ச நேரத்தை வெட்டி எறிஞ்சுட்டுத்தான் காட்டுறான்.

முதல்ல அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாரு. என்ன எழுதியிருக்கு? எல்.சி.ன்னு ரெண்டு எழுத்து, கூட ரெண்டு இலக்கம், ஒரு வட்டத்துக்குள்ள கூட்டல் குறி. எல்.சி.ன்னா லேக் சிட்டி. வேற எங்கேயும் தேட வேண்டாம், ஜனாதிபதி ட்ரூமன் வாழ்ந்த அதே இண்டிபெண்டன்ஸ் ஊர்லதான் இருக்கு அந்த ஆலை. 1941-ல ரெமிங்டன்காரன் கையில ஆரம்பிச்சது. அப்புறம் ஒருத்தன் மாத்தி ஒருத்தன் ஓட்டி, 2020-லேருந்து வின்செஸ்டர்காரன் பாக்குறான். முதலாளி எத்தனை பேர் மாறினாலும் எழுத்து மாறலை. அந்த ரெண்டு இலக்கம் செஞ்ச வருசம். வட்டத்துக்குள்ள இருக்கற கூட்டல், நேட்டோ கணக்குப்படி செஞ்சதுங்கற முத்திரை. உனக்கு ஜாதகம் பாக்கணும்னா அம்பது கேள்வி கேப்பாங்க. இதுக்குப் பொறந்த ஊரும் வருசமும் பிட்டத்துலயே அடிச்சு அனுப்பிட்டான். வேற எழுத்தும் வரும்: எஃப்.ஏ.ன்னா பிலடெல்பியாவுல இருந்த பிராங்க்ஃபோர்ட் ஆயுதசாலை, டி.டபிள்யூ.ன்னா மினசோட்டாவுல இருந்த ட்வின் சிட்டீஸ். எழுத்துவாரியா, முடிஞ்சா வருசவாரியாவும் பிரி. ஏன்னு அப்புறம் தெரியும், இப்ப மாமன் சொன்னாச் செய்.

இந்தக் கூடு உன் கைக்கு வந்ததே பெரிய பாடு, தெரியுமா? 2009 மார்ச்சுல பாதுகாப்புத் துறைக்காரன், சுட்ட கூட்டையெல்லாம் நசுக்கிச் சிதைச்சாத்தான் விப்பேன்னு ஒரு உத்தரவு போட்டான். நாடு முழுக்கக் கூடு வாங்கறவன், விக்கிறவன் எல்லாம் ஒரே கூப்பாடு. மொன்டானா செனட்டர்கள் டெஸ்டரும் பாக்கஸும் கடுதாசி எழுத, சில நாள்லயே உத்தரவு வாபஸ். ஒரு சர்க்கார் தன் தப்பை ஒரே மாசத்துல திருத்திக்கிட்டதுன்னா அது குப்பைப் பித்தளை விசயத்துலதான்.

சரி, ஒரு காந்தத்தை எடு. அத்தை ஃபிரிட்ஜ்ல ஒட்டி வச்சிருக்காளே, அந்த மயில் பொம்மையே போதும். வாளிக்குள்ள விட்டுத் துழாவு. ஒட்டிக்கிட்டு வந்ததெல்லாம் இரும்பு. மேல பித்தளை நிறத்துல பூசியிருந்தாலும் இரும்பு இரும்புதான், ஒதுக்கு. அடுத்து, வாய் பூ மாதிரி மடிஞ்சிருக்கறது வெத்துவேட்டுக் கூடு, பயிற்சிக்குச் சத்தம் மட்டும் போடறது. அதையும் ஒதுக்கு. அடுத்து, குண்டோட முழுசாக் கிடக்கறது. சிரிக்காத, கிடக்கும். மைதானத்தைக் கூட்டிப் பெருக்கினவனுக்கு எது வெந்தது எது வேகாததுன்னு பாக்க நேரமில்லை. அதைத் தனியா எடுத்து வச்சு, சுடுகளத்துல பொறுப்பாளர் கையில கொடு. அடிப்பக்கத்துல, மருந்தைப் பத்த வைக்கற பிரைமர்ல ஊசி குத்தின தடமே இல்லாத வெறுங்கூடும் ஒண்ணு ரெண்டு தட்டுப்படும். அது உயிரோட இருக்கற பிரைமர். எண்ணெயில ஊறப்போட்டாச் செத்துரும்னு ஒருத்தன் சொல்வான். சொன்னவனையே அதுக்கு முன்னால உக்காரச் சொல்லு. நீ அந்தக் கூட்டையே ஒதுக்கிரு, ஒரு கூட்டுக்காக ஒரு கண்ணை அடகு வைக்காத.

இனிமேத்தான் வேடிக்கை. கூட்டோட வாய்க்குள்ள வெளிச்சம் அடிச்சு அடியில பாரு. நடுவுல ஒரே ஒரு ஓட்டை தெரியுதா? அது பாக்ஸர் வகை. நடுவை விட்டு ஓரமா ரெண்டு பொடி ஓட்டை தெரிஞ்சா பெர்டன் வகை. பெர்டன் கூட்டைத் தெரியாம பிரஸ்ல மாட்டி அழுத்தினா, பிரைமரைத் தள்ளற ஊசி நடுவுல இருக்கற பித்தளை மேட்டுல மோதி மடங்கிரும், இல்லைன்னா ஒடிஞ்சுரும். இதுல ஒரு கூத்து பாரு. ஹைரம் பெர்டன் அமெரிக்காக்காரன், உள்நாட்டுப் போர்ல குறிபாத்துச் சுடறவங்க படைக்கே தலைவனா இருந்தவன். எட்வர்ட் பாக்ஸர் இங்கிலீஷ்காரன், வுல்விச் ஆயுதசாலையில அதிகாரி. ரெண்டு பேரும் 1866-ல ஆளுக்கொரு பிரைமர் கண்டுபிடிச்சாங்க. கடைசியில அமெரிக்காக்காரன் இங்கிலீஷ்காரனோடதைக் கட்டிக்கிட்டான். ஐரோப்பாக்காரனும் ரஷ்யாக்காரனும் அமெரிக்காக்காரனோடதைக் கட்டிக்கிட்டாங்க. அடுத்த வீட்டுக் கொழம்புக்குத்தான் ருசி அதிகம்ங்கறது எல்லா தேசத்துலயும் ஒண்ணுதான். உன் வாளியில இருக்கறது அமெரிக்கக் கூடுங்கறதால பாக்ஸராத்தான் இருக்கும். ஆனா விக்கிறவன் எந்த நாட்டுக் கூட்டை எடைக்காகக் கலந்தான்னு யாருக்குத் தெரியும்? பாத்துரு.

பழைய தேதி போட்ட கூடு, அதாவது முப்பது-நாட்-சிக்ஸ் ரகத்துல ரெண்டாம் உலகப்போர் காலத்தது வந்தா, சந்தோசத்துல குதிக்காத. அந்தக் காலத்து ராணுவப் பிரைமர்ல பொட்டாசியம் குளோரேட் போட்டாங்க. வெடிச்ச பிறகு அது பொட்டாசியம் குளோரைடா நிக்கும். நம்ம சோத்து உப்புக்குப் பங்காளி. காத்துல இருக்கற ஈரத்தை இழுத்து வச்சுக்கிட்டுக் குழலைத் துரு ஏத்தும். 1950-களோட முதல் பாதியிலதான் அமெரிக்க ஆலைகள் ஒவ்வொண்ணா இந்தச் சரக்கை விட்டாங்க. எம்1 கார்பைனுக்குச் செஞ்ச தோட்டா மட்டும் தொடக்கத்துலேருந்தே நல்ல பிரைமர். உப்பு எண்ணெயில கரையாது, தண்ணியிலதான் கரையும். வெந்நீர்ல கூட்டைக் கழுவினாப் போச்சு. ஆனா இத்தனை வருசமா உள்ளே உக்காந்து தின்ன இடம் பச்சையாப் பூத்து, குழி விழுந்து கிடந்தா, கழுவறது வீண் வேலை. நம்ம ஊர்ல சிலர் வெள்ளையடிச்ச உடனே வீடு பழசு இல்லைன்னு நினைச்சுக்குவாங்க, அந்தப் புத்தி இங்கே வேண்டாம்.

கழுவற பேச்சு வந்தாச்சு. பித்தளை விளக்கு துலக்கற திரவம் அலமாரியில இருக்கேன்னு எடுக்கப் போற. எடுக்காத! அதுல சிலதுல அம்மோனியா இருக்கும். அம்மோனியாவுக்கும் பித்தளைக்கும் உள்ள பகை என்னன்னு வெள்ளைக்காரன் நம்ம இந்தியாவுலதான் படிச்சான். அந்தக் காலத்துல பிரிட்டிஷ் ராணுவம் மழைக்காலத்துல சண்டை சச்சரவைக் கொஞ்சம் ஒதுக்கி வச்சுட்டு, தோட்டாவைக் கொண்டுபோய்க் குதிரை லாயத்துல அடுக்கிச்சு. மழை விட்டு எடுத்துப் பாத்தா, ஒரு கை படாத தோட்டா, குண்டைப் பிடிக்கற கழுத்துப் பக்கம் வெடிச்சு விரிசல் விட்டுக் கிடக்கு. யாரு செஞ்ச சூனியம்னு ரொம்ப நாளா மண்டையைப் பிச்சுக்கிட்டாங்க. 1921-லதான் மூர், பெக்கின்சேல், மாலின்சன்னு மூணு பேரு முடிச்சை அவிழ்த்தாங்க. குதிரை பேஞ்ச மூத்திரத்துலேருந்து கிளம்பின அம்மோனியாவும், மழையீரமும், பித்தளையை இழுத்து நீட்டிச் செஞ்சப்போ அதுக்குள்ள தங்கிப்போன இறுக்கமும், மூணும் சேந்து தோட்டாவை உடைச்சிருக்கு. பேரரசையே அசைக்க ஆளில்லாத காலத்துல, அதோட தோட்டாவைக் குதிரை ஒண்ணுக்குப் போயே அசைச்சிருக்கு பாரு! இப்ப நீ வாளி ஓரத்துல வச்சிருக்கற கூடும் ஒரு தடவை வெடிச்சு விரிஞ்சு உள்ளே இறுகிக் கிடக்கறதுதான். அதுல அம்மோனியாவைத் தேய்ச்சேன்னா, பளபளன்னு இருக்கும், அழகா இருக்கும், எப்ப பிளக்கும்னு தெரியாது.

அப்ப எதுல கழுவ? வெந்நீர், பாத்திரம் கழுவற சோப்பு, ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலம், அம்புட்டுதான். எலுமிச்சையில இருக்கற புளிப்புதான் அது. அளவை மீறிப் போட்டு ராத்திரி முழுக்க ஊற வச்சேன்னா துத்தநாகத்தைத் தின்னு பித்தளையை இளஞ்சிவப்பா ஆக்கிரும். சில நிமிசம் போதும். சோளக்கதிர்த் தக்கைத் தூளோ, அக்ரோட்டு ஓட்டுத் தூளோ போட்டுக் குலுக்கற மெசினும் இருக்கு, எஃகு ஊசி போட்டுத் தண்ணியில உருட்டற உருளையும் இருக்கு. உருளை உள்ளே வெளியே ரெண்டும் துலக்கும். தூள் வேலைன்னா வெளித் திண்ணையில வை. பிரைமர்ல ஈயம் இருக்கு, சுட்ட கூட்டுல ஒட்டியிருக்கற அந்தக் கரி தூசியாப் பறக்கும். வீட்டுக்குள்ள குலுக்கிட்டுக் கையைக் கழுவாம முறுக்கைத் தின்னேன்னா, உன் மூளைதான் முதல்ல மங்கும். காய வைக்கறதுக்கு அத்தையோட ஓவனைத் தொட்ட, அப்புறம் உனக்கு இந்த வீட்டுல சாப்பாடு கிடையாது. ஈயம் ஒரு பக்கம் இருக்கட்டும், சூடு கூடிப் போச்சுன்னா கூட்டோட அடித்தலை இளகிப்போகும். வெயில்ல விரிச்சுப் போடு. மிசூரி வெயில் எங்கே போச்சு?

பளபளப்பைப் பத்தி ஒரு வார்த்தை. கூட்டோட கழுத்துல நீலமும் பழுப்புமா ஒரு சாயல் தெரியுதே, அதைக் கறைன்னு தேய்க்காத. அது நல்ல குறி. இந்தப் பித்தளையில செம்பு எழுபது பங்கு, துத்தநாகம் முப்பது பங்கு. அடிச்சு இழுத்து உருவாக்கும்போது கழுத்து விறைச்சுப்போகும். நெருப்புல காட்டி இளக்கறான். கடைத் தோட்டாவுல அந்தத் தடத்தைத் துலக்கி மறைச்சுருவான். ராணுவத்துக்காரன் கழுத்தை இளக்கினதுக்குச் சாட்சியா அப்படியே விடறான். நாலஞ்சு தடவை சுட்டு நீயும் இளக்கலாம், ஆனா கழுத்தும் தோளும் மட்டும்தான். அடித்தலைக்கு நெருப்பு காட்டினவன் கதை கேக்க நல்லா இருக்காது.

பிரைமரைத் தட்டி எடுக்கற வேலையைக் கழுவறதுக்கு முன்னாலயே முடிச்சிரணும். கூடு இன்னும் அழுக்கா இருக்கும்போதே, அளவு திருத்தற டையில போடாம, பிரைமர் மட்டும் எடுக்கற தனி டையில மாட்டிச் செய். மண்ணு ஒட்டின கூட்டை அளவு டையில விட்டா டை கீறிப்போகும். கீறின டை, அதுல போற ஒவ்வொரு கூட்டுலயும் உன் அவசரத்தைக் கோடு போட்டுக் காட்டும். ஊசி கொஞ்சம் தடிச்ச ஊசியா வச்சுக்க. ஏன்னா ராணுவத்துக்காரன் பிரைமரைச் சும்மா உக்கார வைக்கலை, பூட்டிப் போட்டிருக்கான். சுத்தி வளையமா ஒரு பள்ளம் தெரியுதா? இல்லைன்னா மூணு நாலு இடத்துல உளி வச்சுக் குத்தின தடம் இருக்கும். அதுதான் கிரிம்ப். இயந்திரத் துப்பாக்கி தடதடன்னு சுடும்போது பிரைமர் பின்னால கழண்டு வந்து உள்ளே விழுந்தா துப்பாக்கி நின்னு போகும், சண்டைக்களத்துல நின்னு போனா அந்தச் சிப்பாயும் நின்னு போவான். அதனால பூட்டுறான். அவன் காரியம் நியாயம்தான். உனக்குத்தான் தலைவலி.

பழைய பிரைமர் போன பிறகும் குழியோட வாயில அந்தப் பூட்டோட உதடு நிக்கும். அதுல புதுப் பிரைமரை வச்சு நீ அழுத்துவ, போகாது. இன்னும் அழுத்துவ, நசுங்கும். உன் குணம் எனக்குத் தெரியாதா? பொண்ணு பாக்கப் போன வீட்டுல கதவு தொறக்கலைன்னு தோளால மோதினவன்தானே நீ. பிரைமர் கதவில்லை. நசுங்கினா வெடிக்கவும் செய்யும். உதட்டை எடுக்க ரெண்டு வழி. ஒண்ணு, எஃகுக் குமிழை உள்ளே செலுத்தி, உலோகத்தை ஓரமா ஒதுக்கி வட்டத்தைத் திரும்ப விரிக்கறது. டில்லன்காரன் விக்கிற கருவி, ஆர்.சி.பி.எஸ்.காரன் விக்கிற கருவி எல்லாம் இதைத்தான் செய்யும். இன்னொண்ணு, உளிமுனையால உதட்டைச் சீவி எடுக்கறது. சீவறது சுலபம், விலையும் கம்மி. கை கொஞ்சம் கூட இழுத்துருச்சுன்னா குழி அகண்டுபோகும், பிரைமர் தொளதொளங்கும், வாயு பின்னால கசியும், துப்பாக்கியோட போல்ட்டு முகத்துல ஓட்டை விழும். மாமனுக்குப் பிடிச்சது ஒதுக்கற வழி. வேகம் குறைவு, ஆனா ஒரு துளி உலோகம் போகாது.

இங்கேதான் எழுத்துவாரியாப் பிரிக்கச் சொன்ன கதை. ஒதுக்கற கருவி கூட்டுக்கு உள்ளே ஒரு கம்பியால முட்டுக்கொடுத்துத்தான் வேலை செய்யுது. ஒவ்வொரு ஆலையும் அடித்தலையை ஒவ்வொரு தடிப்பா வச்சிருப்பான். லேக் சிட்டிக்குன்னு சரிபண்ணி வச்ச கருவியில வேற கூட்டை வச்சா, ஒண்ணு உதடு போகாது, இல்லைன்னா அழுத்தம் கூடிக் குழி கோணும். கலந்து போட்டு அடிச்சுட்டு, கருவி சரியில்லைன்னு கருவியைத் திட்டறவன் இந்த ஊர்ல நிறையப் பேர். ஆறுதலா ஒண்ணு சொல்றேன்: இந்தப் பாடு ஒரு கூட்டுக்கு ஒரு தடவைதான். அடுத்த தடவை நீ வைக்கப்போற பிரைமருக்குப் பூட்டு கிடையாது.

அடுத்தது அளவு திருத்தறது. உன் வாளியில 7.62 கூடு பாதிக்கு மேல இயந்திரத் துப்பாக்கி தின்னு துப்பினதா இருக்கும். எம்60, எம்240-ன்னு பேரு. அழுக்குல, சூட்டுல, மழையில நிக்காம ஓடணும்னு, தோட்டா உக்கார்ற அறையைக் கொஞ்சம் தாராளமாவே குடைஞ்சிருப்பான். அதுல வெடிச்ச கூடு ஊதிப் பெருத்து, நீளவாக்குலயும் இழுபட்டுத்தான் வெளியே வரும். அதை முதல் தடவை அமுக்கறதுக்கு, அடிப்பக்கத்தையும் நல்லா இறுக்கற சிறு அடி டை இருந்தா நல்லது. ஒரு தடவை உன் துப்பாக்கி அளவுக்கு வந்துருச்சுன்னா அப்புறம் சாதா டை போதும்.

எண்ணெய் தடவாம டையில விடாத. வெண்ணெய் தடவலாமான்னு கேக்காத. ஆட்டு ரோமத்துலேருந்து எடுக்கற லேனோலினை ஐசோபுரோபைல் ஆல்கஹால்ல கரைச்சுத் தெளிச்சு, ஆல்கஹால் பறக்கற வரைக்கும் பொறு. பொறுன்னா பொறு. தடவினது பத்தலைன்னா கூடு டைக்குள்ள சிக்கி, பிரஸ் கைப்பிடி உன் வசம் நிக்கும், கூடு டை வசம் நிக்கும். அப்புறம் அடியில துளை போட்டு, மரை வெட்டி, போல்ட்டு மாட்டி இழுத்துத்தான் எடுக்கணும். அதுக்குன்னே கடையில தனிப்பெட்டி வச்சு விக்கிறான்னா, எத்தனை அவசரக்காரன் இருக்கான்னு பாத்துக்க. அதிகமாத் தடவினா தோள்பக்கம் எண்ணெய் தேங்கிப் பள்ளம் விழும்.

எவ்வளவு அமுக்கணும்ங்கறதுக்கு டையோட விளம்பரத் தாளை நம்பாத. அடியிலேருந்து தோள் வரைக்கும் அளக்கற ஒரு கேஜ் வாங்கு. உன் துப்பாக்கியில சுட்ட கூட்டோட அளவைப் பாத்து, போல்ட்டு இழுக்கற துப்பாக்கின்னா தோளை ஒரு அங்குலத்துல ஆயிரத்துல ஒண்ணு ரெண்டு பங்கு பின்னால தள்ளு. தானா ஏத்திக்கிற துப்பாக்கின்னா மூணு நாலு பங்கு. அளக்காம அடியோட அமுக்கிட்டே இருந்தேன்னா, ஒவ்வொரு தடவையும் கூடு அடித்தலைக்குக் கொஞ்சம் மேல இழுபட்டு, ஒருநாள் துண்டாப் பிரியும். தலை வெளியே வரும், உடம்பு உள்ளேயே நிக்கும். அதுக்கு முன்னறிவிப்பு உண்டு. கூட்டைச் சுத்தி அடிப்பக்கத்துல மின்னற மாதிரி ஒரு வளையம் தெரியும். சந்தேகமா இருந்தா ஒரு பேப்பர் கிளிப்பை நீட்டி, நுனியைக் கொக்கியா மடிச்சு, உள்ளே விட்டு அடியிலேருந்து மேலாக்க வருடு. நகம் தட்டற மாதிரி ஒரு பள்ளத்துல சிக்கினா, அந்தக் கூட்டோட ஆயுசு முடிஞ்சுது. இரக்கப்படாத.

அமுக்கின பிறகு கூடு நீளும். பித்தளைக்கு வேற எங்கே போக இடம்? கழுத்து வழியாத்தான் நகரும். அளந்து வெட்டு. 5.56 கூடு 1.760 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, 1.750-க்கு வெட்டு. 7.62-க்கு எல்லை 2.015, வெட்டறது 2.005. முப்பது-நாட்-சிக்ஸுக்கு எல்லை 2.494, வெட்டறது 2.484. எல்லாத்துலயும் ஒரு அங்குலத்துல நூத்துல ஒரு பங்குதான் இடைவெளி, சுலபமா ஞாபகம் இருக்கும். நீளம் மிஞ்சினா, கூட்டோட வாய் குழல் தொடங்கற இடத்துல போய் நெருக்கும், குண்டை விடாது, அழுத்தம் எகிறும். வெட்டின விளிம்பை உள்ளேயும் வெளியேயும் லேசாச் சீவி விடு. கத்திமுனை ஆக்காத. கடைசியா எண்ணெயைக் கழுவித் துடைச்சிரு. வழுவழுன்னு எண்ணெயோட அறைக்குள்ள போனா கூடு சுவரைப் பிடிக்காது, மொத்த உதையும் போல்ட்டு மேல விழும்.

இன்னொரு கட்டுக்கதையை உடைச்சிருவோம். ராணுவக் கூடு தடிப்பு, உள்ளே இடம் கம்மி, அதனால மருந்தைக் குறைக்கணும்னு எல்லாரும் ஒரே மந்திரம் ஓதறாங்க. 7.62-லயும் முப்பது-நாட்-சிக்ஸ்லயும் அது நிஜம். எல்.சி. 7.62 கூட்டைத் தராசுல வச்சா, கடையில வாங்கின அதே மாதிரியான .308 கூட்டை விட ஒரு கிராமுக்கு மேல கனக்கறது சாதாரணம். அந்தக் கனம் உள்பக்கச் சுவராத்தான் இருக்கு. அதே மருந்தைப் போட்டா அழுத்தம் கூடும், குறைச்சு ஆரம்பிச்சு ஏறணும். ஆனா 5.56-ல எல்.சி. கூட்டுக்குள்ள இருக்கற இடம் பல கடைக் கூட்டுக்குச் சமம், சில சமயம் கூடவே. மந்திரத்தை நம்பறவன் அங்கே ஏமாறுவான். தண்ணி ஊத்தி எடை போட்டுப் பாத்துக்க, அது யாருக்கும் கட்சி கட்டாது.

நீ எம்1 கேரண்ட் வாங்கப் போறதாச் சொன்னியே. 1936-ல ராணுவத்துல எடுத்த துப்பாக்கி, இன்னிக்கும் சி.எம்.பி.ங்கற துப்பாக்கிப் பயிற்சி அமைப்பு மூலமா வாங்கலாம், ஆசைப்படறதுல தப்பில்லை. ஆனா அதோட ஊசி ஸ்பிரிங் இல்லாமச் சும்மா ஆடற ஊசி. போல்ட்டு ஓடி வந்து மூடும்போது ஊசியும் முன்னால போய்ப் பிரைமரை லேசாத் தட்டும். பிரைமர் குழிக்குள்ள முழுசா இறங்காம ஒரு மயிரிழை வெளியே நின்னா, விசையைத் தொடாமலே வெடிச்சாலும் வெடிக்கும். அதனால பூட்டை அரைகுறையா எடுத்த குழி கேரண்டுக்கு ஆகவே ஆகாது. பிரைமரை வச்ச பிறகு விரலால தடவிப் பாரு, அடிமட்டத்துக்குக் கீழே இறங்கியிருக்கணும். பிரைமரும் கடினமான ராணுவ ரகமா, சி.சி.ஐ. 34 மாதிரி வாங்கு.

இந்த வாளியைச் சிரிச்சுக்கிட்டே கேலி பண்றேனே தவிர, நல்லாப் பாத்துக்க. 2022-ல ராணுவம் 6.8×51-னு புதுத் தோட்டாவை எடுத்திருக்கு. அடித்தலை எஃகு, உடம்பு பித்தளை, ரெண்டையும் உள்ளே ஒரு வளையம் வச்சு இணைச்சிருக்கான். அதுக்கும் லேக் சிட்டியில தனி ஆலை கட்டறான். அந்தக் கூடு நாளைக்கு எடைக்கு வந்தா நீ என்ன செய்வியோ, எனக்குத் தெரியாது. அதுவரைக்கும் இந்த முழுப் பித்தளைக்கு ஒரு மரியாதை கொடு.

ஒதுக்கின கூட்டைக் குப்பையில போடாத. குறடு வச்சு வாயை நசுக்கிட்டுப் பழைய உலோகக்காரன்ட்டப் போடு. நசுக்காமப் போட்டா, உன்னை மாதிரியே ஒரு புத்திசாலி அதை எடைக்கு வாங்கிட்டு வந்து இதே திண்ணையில உக்காருவான்.

என்ன, இன்னும் எழுந்திரிக்கலை? மருந்து எம்புட்டுப் போடணும், எந்த மருந்துன்னு கேக்க வாய் துறுதுறுங்குது. அதை நான் சொல்ல மாட்டேன். பக்கத்து வீட்டுக்காரன் சொன்னாலும் கேக்காத, வீடியோக்காரன் சொன்னாலும் கேக்காத. மருந்து செய்யற கம்பெனியும் குண்டு செய்யற கம்பெனியும் அச்சடிச்சு விக்கிற கையேடு இருக்கு, காசு கொடுத்து வாங்கிப் படி. காசு இல்லைன்னு மட்டும் சொல்லாத, இப்பத்தானே பித்தளையில அம்புட்டு மிச்சம் பிடிச்சேன்ன.